ஆராய்ச்சிக்கு இட்ட முதலும் அதன் விளைச்சற் கணக்கும்

கமக்காரன் ஒருவன் ஒரு புசல் விதைநெல்லை வயலில் இட்டானாயின், சூடு மிதித்துத் தூற்றி முடிந்ததும் எத்தனை புசல் வீடு வந்து சேர்ந்தது என்று எண்ணாது விடுவதில்லை. விதை, எரு, கூலி, நீர்வரி ஆகியவற்றைக் கழித்து மிஞ்சியது யாதென்று பார்த்த பின்னரே அடுத்த போகத்தில் எந்த நெல்லை எந்த வயலில் விதைப்பது என்று தீர்மானிக்கின்றான். இக்கணக்கு ஏட்டில் எழுதப்படாவிடினும் அவன் மனத்தில் இருந்தே தீரும். இன்றேற் கமம் நடவாது.

விவசாய ஆராய்ச்சியும் ஒருவகை விதைப்பே ஆகும். இங்கே விதையாவது பணமும் அறிஞரது உழைப்புமாம். விளைவாவது புதிய நெல்லினம், பீடையை அடக்கும் முறை, மண்ணைக் காக்கும் வழி என்பன போன்ற நன்மைகளாம். ஆயினும் இவ்விதைப்பின் விளைச்சலை எண்ணிப் பார்க்கும் வழக்கம் உலகின் பல நாடுகளிலும் நெடுங்காலம் இருக்கவில்லை. செலவு எவ்வளவு என்பது ஆண்டறிக்கையில் ஒழுங்காக எழுதப்பட்டது. பயன் எவ்வளவு என்பதோ பெரும்பாலும் எழுதப்படாமலே விடப்பட்டது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்போர் தாம் கொடுத்த பணத்தினால் நாட்டில் விளைந்த மாற்றத்தைத் தொடர்ந்து கவனித்து, அதனை வெளிப்படையாக அறிவித்தல் ஏன் இன்றியமையாதது என்பதை, இலங்கைக் குளங்களில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இங்கு விளக்கலாம்.

யாருடைய பணம்?

முதலில் இப்பணம் யாருடையது என்பதை அறிதல் வேண்டும். நெல், உபஉணவுப் பயிர்கள், மரக்கறி, பழம் ஆகியவை பற்றிய ஆராய்ச்சி இலங்கையிற் பெரும்பாலும் அரசாங்கத்தின் பொது வருமானத்தைக் கொண்டே நடைபெறுகின்றது. தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925 ஆம் ஆண்டிலே தாபிக்கப்பட்டபோது, ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதிக்கப்பட்ட வரியே அதற்கு ஆதாரமாயிற்று. தெங்கு ஆராய்ச்சிக்கென 1928 ஆம் ஆண்டிலே ஒரு கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. அதற்கும் ஏற்றுமதி வரியே முதலாய் அமைந்தது. இவையன்றிப் பிறநாட்டு அரசாங்கங்களும் சர்வதேச நிறுவனங்களும் ஆராய்ச்சிக்குப் பணம் உதவுகின்றன.

எவ்வழியால் வந்தாலும் இப்பணத்தின் மூலம் குடிமக்களின் உழைப்பேயாகும். தேயிலைக் கொழுந்து பறிப்பவரும், தேங்காய் உரிப்பவரும், கடையிற் சீனி வாங்குபவரும் அதற்கு ஒரு பங்கு கொடுக்கின்றனர். பிறநாட்டு உதவியும் அந்நாட்டுக் குடிமக்கள் செலுத்திய வரியே. ஆகவே பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும் சபையோ திணைக்களமோ நிறுவனமோ அப்பணத்துக்கு உடைமையாளர் அல்லர், காப்பாளரேயாவர். காப்பாளர் கணக்குக் காட்டும் கடமை உடையவர்.

ஒரு நீர்க்களையின் வரலாறு

சல்வீனியா என்னும் மிதக்கும் நீர்க்களையை இலங்கையின் நெல்விளையும் பகுதிகளில் அறியாதார் சிலரே. இது தென்னமெரிக்காவுக்குரியது. விதை உண்டாக்கும் ஆற்றல் இதற்கு இல்லை. ஆயினும் முறிந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச்செடியாகி விடும். வெப்பமும் உணவுச்சத்தும் நிறைந்த நீரிலே சில நாட்களுக்குள் இருமடங்காகப் பெருகும். குளத்தை முற்றாக மூடித் தடித்த பாய்போற் படர்ந்துவிடும். அவ்வாறு மூடிய நீரில் ஒளி புகாது, பிராணவாயு குறையும், மீன் அருகும். தோணி செல்லாது, வலை வீச இயலாது. வாய்க்கால்கள் அடைபடும். வயலுட் புகுந்தால் நெல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். யானைக்கால் நோயைப் பரப்பும் நுளம்பு வகையொன்றின் குடம்பிகள் இதன் வேர் போன்ற பாகங்களைப் பற்றி வளர்கின்றன.

இக்களை இலங்கைக்குத் தானாக வந்ததன்று. 1939 ஆம் ஆண்டிலே கொழும்பில் தாவரவியற் கல்விக்காகக் கொண்டுவரப்பட்டதென்பது வரலாறு. அங்கிருந்து தப்பி, ஒரு தலைமுறைக் காலத்துள் நாட்டின் நீர்நிலைகள் பலவற்றிற் பரவியது. கல்விக்காகச் செய்யப்பட்ட சிறிய செயலொன்றுக்குப் பின்வந்தோர் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது. அறிவியல் முயற்சியின் கணக்கிலே வரவு மட்டுமன்றிப் பற்றும் உண்டு என்பதற்கு இதுவே சான்று.

ஆபிரிக்காவிலும் இதே துன்பம் தோன்றியது. சாம்பேசி ஆற்றை மறித்துக் கட்டிய கரிபா அணை 1958 ஆம் ஆண்டின் இறுதியில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டே அந்நீர்த்தேக்கத்தில் சல்வீனியா காணப்பட்டது. 1962 ஆம் ஆண்டளவில் அந்நீர்ப்பரப்பின் ஐந்திலொரு பங்கை அது மூடியிருந்தது.

பிழைத்த முயற்சியும் பயன்பட்டமை

களையை அதன் தாயகத்துப் பூச்சிகளைக் கொண்டே அடக்கலாம் என அறிஞர் கருதினர். இக்களை சல்வீனியா அவுரிக்குலாற்றா என்னும் இனத்தைச் சேர்ந்ததென அப்போது எண்ணப்பட்டது. ஆதலால் திரினிடாட் தீவில் அவ்வினத்தின்மீது வாழ்ந்த மூவகைப் பூச்சிகளை எடுத்து ஆபிரிக்காவிலும் பிற இடங்களிலும் விட்டனர். எதிர்பார்த்த பயன் பெரும்பாலும் கிட்டவில்லை.

இத்தோல்வி மறைக்கப்பட்டிருப்பின் அதே முயற்சி வேறு நாடுகளில் மீண்டும் மீண்டும் செய்யப்பட்டு, பணம் வீணாகியிருக்கும். தோல்வி எழுதி வைக்கப்பட்டமையால் அதன் காரணம் யாதென்ற ஆய்வு தொடர்ந்தது. 1972 ஆம் ஆண்டிலே மிற்செல் என்னும் அறிஞர் இக்களை தனியோர் இனம் என நிறுவி, அதற்கு சல்வீனியா மொலெஸ்ரா என்று பெயரிட்டார். 1978 ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அதன் மெய்யான தாயகம் தென்கிழக்குப் பிறேசில் என்று கண்டனர். அங்கே அக்களையை உண்டு வாழும் சிறு கூன்வண்டு ஒன்றையும் கண்டெடுத்தனர்.

இவ்வண்டின் நீளம் ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் ஆகும். வளர்ந்த வண்டு களையின் அரும்பைத் தின்னும். புழு தண்டைத் துளைத்து உட்செல்லும். அரும்பும் தண்டும் அழிந்த களை பழுப்புநிறம் அடைந்து நீரில் அமிழும். வேறு பயிர்களை இவ்வண்டு நாடாது என்பது சோதனைகளாற் காட்டப்பட்ட பின்னரே, 1980 ஆம் ஆண்டிலே குவீன்சுலாந்து மாகாணத்து மூண்டாரா ஏரியில் அது விடப்பட்டது. ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏறக்குறைய 200 ஹெக்டேயர் பரப்பிலிருந்த களை அழிந்தது.

பின்னர் 1982 ஆம் ஆண்டில் பாப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றுப் பகுதிக்கு இது கொண்டுசெல்லப்பட்டது. அங்கே தொடக்கத்தில் வண்டு நிலைபெறவில்லை. களையில் நைதரசன் சத்துக் குறைந்திருந்தமையே காரணம் என ஆராய்ந்து கண்டு, களைக்குச் சிறிது நைதரசனை ஊட்டியதும் வண்டு பெருகியது. ஏறக்குறைய 250 சதுர கிலோமீற்றர் பரப்பை மூடியிருந்த களை 1985 ஆம் ஆண்டளவில் 2 சதுர கிலோமீற்றர் அளவுக்குச் சுருங்கியது. வண்டை விட்டுவிட்டு அப்பாற் சென்றிருந்தால், அது நிலைபெறாமையையும் அதன் காரணத்தையும் எவரும் அறிந்திரார். விளைவைத் தொடர்ந்து கவனித்தமையே அம்முயற்சியைக் காத்தது.

இலங்கையில் எடுத்த கணக்கு

அவுஸ்திரேலிய அரசாங்கம் 1982 ஆம் ஆண்டிலே சர்வதேச விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தாபித்தது. வளர்முக நாடுகளின் ஆராய்ச்சிக்கு உதவுதல் அதன் நோக்கம். அந்நிலையத்தின் உதவியோடு 1986 ஆம் ஆண்டிலே சல்வீனியாக் கூன்வண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு நீர்நிலைகளில் விடப்பட்டது. பல இடங்களிற் களை வெகுவாகக் குறைந்தது.

இவ்விடத்திற் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. களை குறைந்தது என்ற மகிழ்ச்சியோடு பணம் கொடுத்தோர் நின்றுவிடவில்லை. அதனால் இலங்கை மக்களுக்கு விளைந்த பயன் எவ்வளவு என்று அளக்க முற்பட்டனர். டோலமன் என்னும் பொருளியலாளர் செய்த மதிப்பீடு 1989 ஆம் ஆண்டிலே அந்நிலையத்தின் வெளியீடாக வந்தது.

அம்மதிப்பீட்டிலே களையால் உண்டான நட்டம் பல கூறுகளாகப் பிரித்து ஆராயப்பட்டது. நெல் விளைச்சலில் ஏற்பட்ட இழப்பு ஒன்று. மீன்பிடியில் ஏற்பட்ட இழப்பு மற்றொன்று. மின்னாக்கம், போக்குவரத்து, குளித்தல், துவைத்தல் முதலியவற்றுக்கு உண்டான இடையூறு பிறிதொன்று. நுளம்பினால் வரும் நோயின் செலவு நான்காவது. களையை அகற்றுவதற்குச் செலவான கூலியும் உழைப்பும் ஐந்தாவது. இவற்றிலிருந்து மீண்டதனாற் பெற்ற நன்மையை ஆராய்ச்சிச் செலவோடு ஒப்பிட்டபோது, செலவிட்ட ஒரு பங்கு பணத்துக்கு 53 பங்கு பயன் கிடைக்கும் என மதிப்பிடப்பட்டது.

அதே மதிப்பீடு உழைப்பு மணித்தியாலங்களிலும் செய்யப்பட்டது. அவ்வாறு நோக்கியபோது செலவான ஒரு மணித்தியாலத்துக்கு 1,600 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயன் காணப்பட்டது. இவ்வேறுபாட்டின் காரணம் எளிது. செல்வநாட்டில் ஓர் ஆராய்ச்சியாளரின் ஒரு மணித்தியால ஊதியம், ஏழை நாட்டில் கமக்காரர் பலரது பல மணித்தியால உழைப்புக்கு ஈடாகும். பணத்தை மட்டும் எண்ணினால் இடுப்பளவு நீரில் நின்று களையை வாரிக் கரையேற்றும் மனிதரின் உழைப்புக் கண்ணுக்குப் புலப்படாது. எதனை அளப்பது என்பதும் ஒரு நீதிக்குரிய கேள்வியே என்பதை இது காட்டுகின்றது.

கணக்கெடுத்தலால் விளையும் நன்மைகள்

இவ்வாறு பயனை அளந்து அறிவிப்பதால் விளையும் நன்மைகள் பல. அவற்றுள் முக்கியமானவை பின்வருவன:

1. பணம் கொடுத்த குடிமக்களுக்கு மறுமொழி கிடைக்கின்றது. பஞ்ச காலத்திலும் அரசாங்க வருமானம் குன்றிய காலத்திலும் முதலில் வெட்டப்படுவது ஆராய்ச்சிப் பணமே. பயனை எடுத்துக்காட்ட இயலாத ஆராய்ச்சிக்காகப் பேச முன்வருவோர் இலர்.

2. அடுத்து எதற்குப் பணம் கொடுப்பது என்று தீர்மானிக்க உதவுகின்றது. பணம் அளவானது, தேவையோ அளவற்றது. முன்னைய முயற்சிகளின் பயன் தெரியாவிடின், உரத்துக் கேட்பவருக்கே பணம் போய்ச் சேரும்.

3. தோல்வியிலிருந்து பாடம் கிடைக்கின்றது. திரினிடாட் பூச்சிகளின் தோல்வி எழுதப்பட்டமையாலன்றோ பிறேசில் வண்டு கண்டெடுக்கப்பட்டது.

4. ஆராய்ச்சி நிலையத்துக்கும் வயலுக்கும் இடையிலுள்ள தூரம் தெரியவருகின்றது. நிலையத்தில் நன்றாக விளைந்த இனம் ஊரிற் பரவாதிருக்கலாம். விதை கிடைக்கவில்லையா, சோறு சுவைக்கவில்லையா, வைக்கோல் மாட்டுக்கு ஆகவில்லையா, நீர் உரிய காலத்தில் வரவில்லையா என்று கேட்டறிந்தாற்றான் குறை தீரும்.

5. எதிர்பாராத தீமை காலத்தோடு புலனாகின்றது. சல்வீனியா கொண்டுவரப்பட்ட பின் அதனைத் தொடர்ந்து கவனித்திருந்தால், ஒரு குளத்தளவில் அதனை அழித்திருத்தல் கூடும்.

கணக்கிலே வரக்கூடிய பிழைகள்

அளவை நல்லதே, ஆயினும் பிழையான அளவை தீமை பயக்கும். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுப்போர் சில பிழைகளைத் தவிர்த்தல் வேண்டும்.

காலத்தைக் குறுக்குதல் முதலாவது பிழையாகும். சல்வீனியா வேறோர் இனம் என்று பெயரிட்டது 1972 இல். இலங்கையிற் பயன் மதிப்பிடப்பட்டது 1989 இல். இடைப்பட்ட காலம் பதினேழு ஆண்டுகள். மூன்று ஆண்டுக்குள் பயன் காட்டுக என்று எவரேனும் வற்புறுத்தியிருந்தால், களையின் பெயரை ஆராய்ந்த அறிஞரின் பணி வீண்செலவு என்றே தள்ளப்பட்டிருக்கும். பெயர் தெரியாவிடின் தாயகம் தெரியாது. தாயகம் தெரியாவிடின் வண்டு கிடையாது.

ஒரு நன்மையின் முழுப் புகழையும் ஒரு முயற்சிக்கே கொடுத்தல் இரண்டாவது பிழையாகும். பத்தலகொடை நிலையத்தில் உருவாக்கப்பட்ட எச்-4 என்னும் நெல்லினம் 1950 களின் பிற்பகுதியிற் கமக்காரருக்கு வழங்கப்பட்டது. அதன்பின் நெல் விளைச்சல் உயர்ந்தது உண்மை. எனினும் அக்காலத்திலேயே பசளைப் பாவிப்பும் பெருகியது, குளங்கள் திருத்தப்பட்டன, 1948 ஆம் ஆண்டு முதல் நெல்லுக்கு உத்தரவாத விலையும் இருந்தது. விளைச்சல் உயர்வில் விதைக்குரிய பங்கு எவ்வளவு, பிறவற்றுக்குரிய பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத அறிக்கை முழு உண்மையைக் கூறியதாகாது. அவ்வாராய்ச்சி நடவாதிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்னும் கேள்வியே இக்கணக்கின் உயிர்நாடியாகும்.

எண்ணின் பொருளை விளக்காது விடுதல் மூன்றாவது பிழையாகும். சிவி கிறிலிக்கெஸ் என்னும் பொருளியலாளர் 1958 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் கலப்புச் சோள ஆராய்ச்சியின் பயனை அளந்தார். விவசாய ஆராய்ச்சியின் பயனை எண்ணாற் காட்டிய முன்னோடி ஆய்வு அது. ஆண்டுக்கு நூற்றுக்கு 700 வீதம் பயன் என அவர் கூறிய எண் உலகெங்கும் பரவியது. ஆனால் அது, கடந்தகாலச் செலவையெல்லாம் வட்டியோடு திரட்டிய தொகைக்கு ஒப்பிட்ட வீதமாகும். அதே விவரங்களை உள்ளக வருவாய் வீதம் என்னும் வேறு முறையிற் கணித்தால், ஆண்டுக்கு நூற்றுக்கு 40 வரையிலான வீதமே கிடைக்கும். இரண்டு எண்ணும் சரியே. எம்முறையிற் கணிக்கப்பட்டது என்று சொல்லாது பெரிய எண்ணை மட்டும் முழங்குவதே தவறாம்.

ஆபிரிக்காவிலே மரவள்ளியை அழித்த வெண்மூட்டுப்பூச்சியைத் தென்னமெரிக்கக் குளவி ஒன்றைக் கொண்டு அடக்கிய முயற்சியும் இத்தகையதே. 1988 ஆம் ஆண்டிலே அதன் பயன் ஒன்றுக்கு 149 என மதிப்பிடப்பட்டது. 2001 ஆம் ஆண்டிலே 27 நாடுகளுக்குச் செய்த மதிப்பீடு, மரவள்ளிக்கு எந்த விலையை இடுவது என்பதைப் பொறுத்து, ஒன்றுக்கு 200 முதல் 740 வரை வேறுபட்டது. எந்த எண்ணை எடுத்தாலும் முயற்சி பெரும்பயன் தந்ததென்பதில் ஐயமில்லை. ஆனால் எடுகோள் மாறினால் எண்ணும் மாறும் என்பதை வாசிப்போர் அறிதல் வேண்டும்.

வென்ற முயற்சிகளை மட்டும் எண்ணுதல் நான்காவது பிழையாகும். பத்து வயலில் விதைத்து, நன்றாக விளைந்த ஒரு வயலின் கணக்கை மட்டும் சொல்லுபவன் பேச்சை எவரும் நம்பார். சல்வீனியா அடங்கிய நாட்டிலேயே, ஆற்றுவாழை என்றும் ஆகாயத்தாமரை என்றும் வழங்கும் மற்றொரு நீர்க்களை இன்றும் பல நீர்நிலைகளில் தொல்லை தருகின்றது. அதனைத் தடுக்க 1909 ஆம் ஆண்டிலேயே கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டும் அது ஒழியவில்லை. இதனையும் சேர்த்து எழுதுவதே நேர்மையான கணக்கு.

வெளியிட்ட கட்டுரைகளின் தொகையையே பயன் என்று கொள்ளுதல் ஐந்தாவது பிழையாகும். கட்டுரை அறிவைப் பரப்பும் கருவி. வயலிலோ குளத்திலோ மாற்றம் நிகழ்ந்ததா என்பதைக் கட்டுரையின் தொகை கூறாது.

செய்யவேண்டியவை

பணம் கொடுக்கும் நிறுவனங்கள் பின்வரும் ஒழுங்கைக் கைக்கொள்ளுதல் நன்று. ஆராய்ச்சி தொடங்குமுன் அப்போதைய நிலையை அளந்து எழுதி வைத்தல் வேண்டும். தொடக்கம் தெரியாத பயணத்தின் தூரத்தை எவராலும் கூறமுடியாது. திட்டம் முடிந்ததும் ஒருமுறையும், சில ஆண்டுகள் கழிந்தபின் மறுமுறையும் பார்வையிடல் வேண்டும். ஆராய்ச்சியைச் செய்தவரே தம் பணிக்குத் தீர்ப்பளித்தல் தகாது. பிறர் மதிப்பிடல் வேண்டும். இதற்கென ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு சிறு பங்கைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்தல் அவசியம். அப்பங்கு ஆராய்ச்சியையே விழுங்கும் அளவுக்குப் பெருகுதலும் ஆகாது. அறிக்கை அறிஞரின் நூலகத்தோடு நின்றுவிடாது, பணம் செலுத்திய மக்கள் வாசிக்கும் மொழிகளிலே, எளிய முறையில் வெளியிடப்படல் வேண்டும்.

இப்பணியிற் கமக்காரருக்கும் பங்கு உண்டு. புதிய இனத்தையோ முறையையோ கைக்கொள்ளும்போது, வயலின் ஒரு பகுதியிற் பழைய முறையையும் விட்டுவைத்து, இரண்டின் செலவையும் விளைச்சலையும் தனித்தனியே குறித்து வைத்தல் மிகப் பயனுடையது. விதைத்த நாள், இட்ட பசளை, கண்ட நோய், அறுத்த நாள், பெற்ற புசல், விற்ற விலை என்னும் இவ்வாறு விவரங்களும் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியில் அடங்கிவிடும். பயன் கிட்டாவிடின் அதனையும் கூச்சமின்றி எழுதுக. இக்குறிப்புக்களைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஒப்பிட்டுப் பார்த்து, விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவர் அவற்றை ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்புவார். ஊரில் ஒருவர் எழுதி வைத்த இத்தகைய கொப்பி, தொலைவிலிருந்து ஊகித்து எழுதும் பல பக்கங்களினும் நம்பத்தக்கதாகும்.

புதிய இனமொன்றைப் பயிரிடுமாறு ஆலோசனை கூறப்படும்போது, இது வேறெங்கு பயிரிடப்பட்டது, அங்கு விளைந்தது எவ்வளவு, பயிரிட்டோர் அடுத்த போகத்திலும் அதனையே விரும்பினரா என்று கேட்பதற்குக் கமக்காரர் தயங்குதல் வேண்டா. அவ்வினாக்களுக்கு எழுத்தில் விடை வைத்திருப்பது பணம் கொடுத்தோரின் கடமையும் ஆராய்ச்சி செய்தோரின் கடமையும் ஆகும்.